படத்தில் இருந்த பளிங்குத் தரை

என் வீட்டுக்காரர் யோஸ்ட் படம் வரைகிறவர். அவர் படத்து வீடுகளைப் பார்த்தால் வாயில் ஈ நுழைவதுகூடத் தெரியாது. கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை, மேசைமேல் துருக்கிக் கம்பளம், வெள்ளிக் கூஜா, ஓரத்தில் ரோமம் வைத்த மஞ்சள் பட்டுச் சட்டை. சட்டை ஒன்றுதான், எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதைப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. கூஜா எதிர்வீட்டுக்காரருடையது. பளிங்கு அவர் தூரிகையோடு சரி. எங்கள் ஊர் லெய்டனில் நாங்கள் நடப்பது மரப்பலகைமேல்.

மகள் ஹில்லெயை ஹார்லெமில் துணி வியாபாரி ஃப்ளோரிஸுக்குப் பேசியிருந்தோம். அவன் தாயார் அலெய்டா அங்கே ஒரு கடையில், பளிங்குத் தரைமேல் ஹில்லெ இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டாள். வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். நான் நேரே யோஸ்டிடம் போய் நின்றேன்.

"பளிங்கு எங்கேன்னு சம்பந்தியம்மா கேட்டா தூரிகையைக் காட்டுவீங்களா?"

"பலகையை வரைஞ்சா எவன்டி வாங்குவான்?" என்றார் அவர்.

அந்தப் பட்டுச் சட்டையையாவது போட்டுக்கொள் என்று மகளைக் கெஞ்சினேன்.

"இன்னைக்கு இதைப் போட்டா, நாளைக்கு அவங்க வீட்டுல எதைப் போட்டுக்குவேன்?" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துத் தரையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதம் அப்பன் சொத்து.

அலெய்டா வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஈரப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பளிங்கு...?"

"இல்லீங்க அத்தை. அப்பா மனசுலேர்ந்து வரைஞ்சது. கூஜா எதிர்வீட்டுது. சட்டை படத்துக்குன்னே வச்சிருக்கிறது," என்றாள் ஹில்லெ. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அலெய்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுலயும் பலகைதான்டி. பளிங்குல வளர்ந்த பொண்ணு எம்புள்ளையை மதிப்பாளா? இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். படகுல வழி முச்சூடும் அதையே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சிவந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்த ஹில்லெயின் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப வர்றே, சொல்லு," என்றாள்.