பின்னால் நின்ற வண்டி

மேஸ்திரி நீட்டிய டீயை அக்கா வாங்கினாள்; குடிக்கவில்லை. சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

காலையிலிருந்து அந்த மனிதருக்கு உட்கார நேரமில்லை. நாற்காலி போடுவதென்ன, வருகிறவர்களைக் கைபிடித்து உள்ளே அழைத்து வருவதென்ன. தம்பி உயிரோடு இருந்தபோது ஒரு நாள் லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். இன்று தம்பி கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கிறான். இவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. அக்காவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவள் துணி ஆலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கிறவள். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். "சாமியே வந்து வரம் குடுத்தாலும் எங்கக்கா தையல் பிரிஞ்சிருக்கான்னு திருப்பிப் பாக்கும்" என்று தம்பி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். கல்யாணமாகாதவன், இவர்கள் வீட்டிலேயேதான் சாப்பாடும் படுக்கையும். அவனுக்கு ரோட்டில் கோடு போடும் வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காவின் கணவர்தான். அவர் அதே குழுவில் வண்டி ஓட்டுகிறார்.

மாநிலம் முழுக்க விபத்துச் சாவைக் குறைத்தே தீருவது என்று அரசாங்கம் கிளம்பியிருந்தது. ஆபத்தான வளைவெல்லாம் புதுக்கோடு, புதுப்பலகை. அந்த வேலையில் இருக்கும்போதுதான், பட்டப்பகலில், ஒரு கார் வந்து தம்பியை அடித்தது.

"எப்படி நடந்துச்சு?" என்று நேற்றே மேஸ்திரியிடம் கேட்டிருந்தாள்.

"கண்ணு மண்ணு தெரியாம வந்தான்கா. நம்ம வண்டி பின்னாடிய உரசிக்கிட்டே வந்து அடிச்சுட்டான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அப்புறம் கணவரிடம் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணு மண்ணு தெரியாம வந்தான். வண்டி பின்னாடிய உரசிக்கிட்டே வந்து அடிச்சுட்டான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள..."

ஆலையில் இரண்டு தையல்காரர்கள் ஒரே சொல்லில் ஒரே சாக்கைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துக்கத்திலும் மனசு இப்படிப் போகிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் போன மனசு திரும்பவில்லை.

"வண்டி இப்ப எங்க?" என்று இன்று மறுபடி மேஸ்திரியிடம் கேட்டாள்.

"அது பட்டறைல கிடக்குக்கா. பின்னாடியெல்லாம் நசுங்கிப் போச்சில்ல."

"உரசுனதுக்கா நசுங்குச்சு?"

மேஸ்திரிக்குத் திடீரென்று வாசலில் வேலை வந்துவிட்டது.

அந்த வண்டியைப் பற்றித் தம்பி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பாடமே நடத்தியிருக்கிறான். ஊறுகாய்ப் பாட்டில்தான் அவன். தண்ணீர்க் குடம் மாமாவின் வண்டி. ரோட்டில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால், வருகிற வாகனங்களுக்குக் குறுக்கே, விளக்கு மின்னிக்கொண்டு அது நிற்கும். அதன் முதுகில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பெரிய பெட்டி ஒன்று உண்டு; குழுவில் அதற்கு மெத்தை என்று பேர். எவன் தூங்கி வழிந்துகொண்டு வந்தாலும் மெத்தையில்தான் மோதவேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வைத்த சிவப்புக் கோன்களில் கடைசியை எடுக்கும்வரை வண்டி நகரக்கூடாது. "மாமா பின்னால நிக்கிற வரைக்கும் எமன் வந்தாலும் ஹாரன் அடிச்சுட்டுத்தான் வரணும்" என்பான். கணவர் சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவார்.

உறவுக்காரர்கள் வந்து அழுதார்கள். அக்காவும் சேர்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒன்று தோன்றியது. குழுவில் எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஏது வண்டி? எதில் வந்தார்கள்?

முகம் கழுவப் போவதுபோலப் பின்வாசல் வழியாக இறங்கினாள். சந்து திரும்பி, இஸ்திரிக் கடையையும் தாண்டினால் ஒரு காலி மனை. அங்கே சுவரோடு ஒட்டி நின்றது வண்டி.

பின்பக்கம் போனாள். மெத்தை முழுசாக இருந்தது. பட்டைகள் கலையவில்லை, மூலை மடங்கவில்லை. சட்டைத் தையலில் விரல் ஓட்டுவதுபோல மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். தூசிதான் கையில் ஒட்டியது.

திரும்பியபோது கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க எங்க நின்னீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த விபத்தக் குறைக்கற திட்டத்து ஆளுங்க வந்திருந்தாங்க. புதுக்கோட்டுக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கணும்னாங்க. வண்டி மறைக்குதுன்னு மேஸ்திரி சொன்னாரு. ரெண்டு நிமிஷம்தான்னாரு. நான் கிளை ரோட்டுல திருப்பி நிறுத்தினேன்."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"மிஷின் சத்தம். கூப்பிட்டேன், கேக்கல. ரெண்டு நிமிஷம்தானேன்னு..."

"அவன் திரும்பிப் பாக்கலையா?"

"இல்ல. நான் நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தான். கார் சத்தம் கேட்டும் நிமிரல."

அவள் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"போலீஸ் வர்றதுக்குள்ள திரும்பக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாரு. நிறுத்திட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னை உள்ள போட்டுருவாங்க. நீ தனியா என்ன பண்ணுவ? அவனும் போயிட்டான்..."

அது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுஷன். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருந்தவர். இவரையும் இழந்துவிட்டு இந்த வீட்டில் யாருக்குச் சமைப்பது?

அவள் வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் ஒரு பெண் அதிகாரி காத்திருந்தாள். ரோட்டில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்கு நேரில் போய் விசாரிக்கவேண்டும் என்பது புதிய ஏற்பாடாம். மேஸ்திரி அவளுக்கும் டீ கொடுத்திருந்தார்.

"இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்கம்மா. யாரையும் புடிச்சுக் குடுக்கறதுக்கு நான் வரல. இதே வேலைய இன்னும் நிறையப் பேரு செஞ்சிட்டிருக்காங்க. அடுத்தவங்க சாகக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

யாரையும் பிடித்துக் கொடுக்க வரவில்லை என்று சொல்கிறவர்கள்தான் பிடித்துக் கொடுப்பார்கள் என்று அக்கா நினைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், குடிக்காத டீ.

"நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே மேடம்," என்றார் மேஸ்திரி. "வண்டி பின்னாலதான் நின்னுச்சு. அத உரசிக்கிட்டுத்தான் கார் வந்துச்சு."

குழுவின் ஆட்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவனுக்குத் தம்பி வயதுதான் இருக்கும். நாளைக்கு இவன்தான் கோன் எடுக்கப் போவான் போலிருக்கிறது. அவன் மட்டும் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தான். மேஸ்திரி இருமியதும் குனிந்துகொண்டான்.

"வாங்க," என்றாள் அக்கா அதிகாரியிடம்.

"எங்கம்மா?"

"வாங்க, சொல்றேன்."

மேஸ்திரி எழுந்து கூடவே வரப் பார்த்தார். "நீங்க நாற்காலியப் பாருங்க" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

கணவர் இன்னும் அந்தக் காலி மனைச் சுவரோரத்திலேயே இருந்தார். இருவரும் வருவதைப் பார்த்தார். நகரவில்லை. அக்கா அவரைப் பார்க்காமல் அதிகாரியை வண்டியின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதப் பாருங்க."

அதிகாரி குனிந்து பார்த்தாள். மறுபக்கமும் போய்ப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்லையேம்மா?"

"ஆமா," என்றாள் அக்கா. "ஒரு கீறல்கூட இல்ல."

அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்தாள். அவள் பார்வை வண்டியிலிருந்து நகர்ந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்ட மனிதர்மேல் போய் நின்றது. பிறகு அவள் அவர் பக்கத்தில் போய்த் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். நேரமாகிவிட்டது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பின்பக்கம் ஒரு மூலை காலியாக இருந்தது.

"மாப்பிள்ளை எங்க? கூப்பிடுங்கப்பா" என்றது ஒரு குரல்.

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பிக்குப் பின்னால் போய் நின்று, அந்த மூலையைப் பிடித்தாள்.

"தூக்குங்க," என்றாள்.