நான்கு விரற்கடை

1

இது விளக்கக் கடிதமாகப் பிறந்திருக்க வேண்டியது. பள்ளிக்குள் கத்தி வந்தது எப்படி என்று மாணவியின் வீட்டார் அரைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, நாளை காலை மணி அடிப்பதற்குள் தர வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. கடிதம் என்றால் 'நான்' என்று தொடங்க வேண்டும். கதை என்றால் 'ஒரு பெரியவர்' என்று தொடங்கலாம். எழுபத்து நான்கு வயதில் நான் கதை எழுத வந்த காரணம் இதுதான்.

2

முதல் தொடக்கம்: ஒரு மானமுள்ள பெரியவர் இருந்தார். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஏனென்றால் தவறே…

(மருமகள் பின்னால் நின்று படித்துவிட்டாள். "மாமா, இதைச் சொந்தக்காரங்க யாரும் படிக்க மாட்டாங்கல்ல?" என்றாள். வரி அங்கேயே நிற்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: தினமும் காலை ஏழு மணிக்குப் பெரியவர் பேத்திக்காக ஏழு பென்சில்கள் சீவுவார். ஷார்ப்னர் முனையைத் தின்றுவிடும் என்பதால் அந்த வீட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை. கத்தியால்தான் சீவ வேண்டும். அதுவும் அவருடைய அப்பாவின் கத்தியால். கைப்பிடியில் குடும்பப் பெயர் பொறித்திருக்கும். சீவியதும் பென்சில்கள் டப்பாவுக்குள், கத்தி மேசை இழுப்பறைக்குள். அன்று மட்டும்…

[இங்கே எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது.]

3

பெரியவர்தான் அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவர். ஆயுத விதியை எழுதியவரும் அவரே: "நான்கு விரற்கடைக்கு* மேல் நீளமுள்ள கூரிய பொருள் எதுவும் ஆயுதம். கொண்டுவந்தவருக்குப் பத்து நாள் நீக்கம். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை மேசையைத் தட்டிச் சேர்க்க வைத்தார். அப்போது அவர் மனத்தில் இருந்ததெல்லாம் மற்றவர் வீட்டுப் பிள்ளைகள்.

*ஒரு விரலின் அகலம். யாருடைய விரல் என்று விதியில் இல்லை. இந்த ஓட்டை பிறகு வரும்.

வாசல் காவலாளி ஐந்தாம் வகுப்புப் பேத்தியின் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு பென்சில்கூட இல்லை.

"பாப்பா, இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"கைப்பிடியில தலைவர் வீட்டுப் பேரு இருக்கே?"

"எங்க வீட்ல எல்லாத்துலயும் அந்தப் பேரு இருக்கும். வாளியில கூட."

காவலாளி தன் ஒல்லி விரல்களைக் கத்தியின் மேல் வரிசையாக வைத்தார். நாலேகால்.

4

தலைமையாசிரியையின் அறை. பெரியவர் உட்காரவில்லை. தன் விரல்களைக் கத்தியின் மேல் வைத்தார். தடித்த விரல்கள், மூன்றேகாலிலேயே கத்தி முடிந்துவிட்டது.

"பாருங்க. இது ஆயுதமே இல்ல."

"சரிங்க ஐயா. அப்ப போன மாசம் ஸ்க்ரூடிரைவருக்காக வெளிய அனுப்பின எட்டாம் வகுப்புப் பொண்ணையும் உங்க விரலாலயே அளந்துடலாமா?"

பெரியவர் கத்தியைப் பார்த்தார்.

"அவங்க அம்மா, தையல் மிஷினை ரிப்பேர் பண்ணும்போது தெரியாம பைக்குள்ள விழுந்துடுச்சுன்னு சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'தெரியாமல் விழுவதற்கு அது என்ன மழைத்துளியா' என்று கேட்டிருந்தார். குழுவே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை தொடர் ஓட்டத்துல உங்க பேத்திதான் கடைசியா ஓடணும். யாரு வச்சதுன்னு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம். இல்லைன்னா பத்து நாள் பத்து நாள்தான்."

5

மாலை. எழுதுவதற்குப் பென்சில் எடுக்கப் பெரியவர் இழுப்பறையைத் திறந்தார். கத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பென்சில்கள், சீவிய மூக்கோடு, வரிசையாகப் படுத்திருந்தன.

இழுப்பறையை மூடினார். மறுபடி திறந்தார். ஏழுதான்.

இனி முடிவுகள்.

(அ) கத்தியை வைத்தது மருமகள். இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவள் காலை ஆறரைக்கே வங்கிக்குப் போய்விடுகிறவள் என்பதால் பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. "என்னை வில்லியாக்குறதுன்னா நல்ல புடவையாவது கட்டி விடுங்க மாமா" என்றும் சொல்லிவிட்டாள்.

(ஆ) விரலைப் பற்றி மறுபடி வாதாடி வெல்வது. வெல்லலாம். அப்புறம் அந்தத் தையற்கார அம்மாவைத் தெருவில் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

(இ) பேத்தி தானே சொல்வது. இதற்காக அவளையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் உன்னோடதுன்னு சொன்ன?"

"உங்களோடதுன்னு சொன்னா கமிட்டியில இருந்து உங்களைத் தூக்கிடுவாங்க. கமிட்டி இல்லாம நீங்க வீட்லயே இருந்தா அம்மா பாவம்ல."

"ஓட்டம்?"

"அது அடுத்த வருஷமும் வரும் தாத்தா."

குடும்ப மானத்தைக் காப்பது என் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பத்து வயதில் ஒருத்தி, எனக்குச் சொல்லாமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

6

பெரியவர் என்ன செய்தார் என்பது… பெரியவர் மறுநாள் காலை…

பெரியவரை இங்கேயே விட்டுவிடுகிறேன். கால் வலிக்க நிற்கட்டும்.

ஆறு பக்கம் ஆகிவிட்டது. கேட்டது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு தனித்தாள் எடுத்து, 'கத்தியை டப்பாவுக்குள் வைத்தவர்' என்று தொடங்கி, மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன். கார்பன் தாளும் இன்னொரு தாளும் அடியில் வைத்து நகலும் எடுக்கிறேன்; அது தையற்கார அம்மாவுக்கு. வாசகரே, இழுப்பறையில் ஏழு பென்சில்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து, முடிவை உங்கள் விருப்பம்போல் எழுதிக்கொள்ளுங்கள். மருமகள், காவலாளி, மழைத்துளி, யாரை வேண்டுமானாலும் போடலாம்.

கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். தாளின் அடியில் கையெழுத்தை நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன். அது பேனாவில்.