மூன்று மணிக்குத் திறக்கும் எண்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு பதில் கடிதத்தில் கிடைத்தது. அண்டம் விரியும் வேகத்தைப் பற்றி ஒரு பெண் ஆராய்ச்சியாளருக்கு மூன்று கேள்விகளை எண் போட்டு எழுதி அனுப்பியிருந்தேன். முதல் இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். மூன்றாவதுக்கு இவ்வளவுதான்: ‘அதை என் அண்ணியிடம் கேளுங்கள். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.’

தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். ‘எல்லாம்’ என்ற இடத்தில் மட்டும் பேனா அழுத்தி, மறுபக்கம் புடைத்திருந்தது. அந்தப் புடைப்புதான் கதை. மீதி என் கற்பனை.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

‘கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஓர் ஒளிக்கீற்று’ — வேண்டாம். அங்கிருந்து புறப்பட்டால் அண்ணியிடம் வந்து சேர எனக்கு ஆயுள் போதாது.

‘பொறாமை என்பது யாதெனில்’ — பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு மதிப்பெண்.

‘அவளும் அண்ணியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.’ இது நிற்கட்டும்.

ஒரே பெஞ்சில் படித்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தார்கள். தங்கை மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க ஒருநாள் அவள் அண்ணன் வந்தான். குடையைக் கொடுக்க மறந்து, பக்கத்து நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணத்துக்குப்பின் ஆய்வுக்கூடத்தில் “வாடி”, வீட்டில் “வாங்க அண்ணி”. அம்மாவின் உத்தரவு.

அம்மா தொலைபேசியிலும் விடமாட்டாள். “உன் அண்ணியோட பேப்பர் வந்திருக்காமே! உன்னுது எப்போ வரும்?” என்பாள், ஏதோ பஸ் வருகிற மாதிரி.

3

(இங்கே கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம்; எனக்குப் புரிந்த அளவுக்குமேல் என்னால் எழுத முடியாது.)

அண்டம் விரியும் வேகத்தை அருகிலுள்ள விண்மீன்களை வைத்து அளந்தால் எழுபத்துமூன்றை (அலகு நமக்கு வேண்டாம்) ஒட்டி வருகிறது. ஆதியில் கிளம்பிய ஒளியை வைத்துக் கணக்கிட்டால் அறுபத்தேழை ஒட்டி வருகிறது. எது சரி என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. அண்ணி வேறு வழியில் போனாள். வெகுதொலைவில் ஓர் ஒளி மினுக்குகிறது. நடுவில் நிற்கும் பெரிய விண்மீன் மண்டலம் தன் எடையால் அதை வளைக்கிறது. ஒரே மினுக்கல் நான்கு பாதைகளில், நான்கு வெவ்வேறு நாட்களில் வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்திலிருந்து வேகத்தைக் கறந்துவிடலாம்.

ஆனால் விடை முன்பே தெரிந்தால் மனம் அந்தப் பக்கம் சாயும். அதற்காக இவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கணக்கில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்துவிடுவார்கள். கணக்குப் போடுகிறவருக்கு உண்மை விடை தெரியாது. குறித்த நாளில் எல்லார் முன்னிலையிலும் அந்த எண்ணைக் கழிப்பார்கள். வந்ததை வந்தபடியே வெளியிட வேண்டும். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தக் கூடாது. ரகசிய எண் ஒரே ஒருவரிடம் இருக்கும். அவர் அந்தக் கணக்கைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. திறந்தால் அவர் பெயரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அண்ணியின் கணக்குக்கு அந்த ஒருவர், நாத்தனார். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘பூட்டு’.

4

பூட்டு ரகசியமாகக் கழித்துப் பார்த்துவிட்டாள். எழுபத்துமூன்று. பிழைக்கான இடம் மிகச் சிறிது. அண்ணியைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் நிறுத்தப்போகிற எண். பூட்டுக்கு வயிறு எரிந்தது.

மூன்று நாள் அண்ணியின் தொலைநோக்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் துருவினாள். கிடைத்தது. ஒளியை வளைக்கும் மண்டலத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி. இடையில் வந்து நிற்கும் ஏதோ விண்மீன் என்று நினைத்து, அண்ணி அதைக் கணக்கில் சேர்க்காமல் மூடிவைத்திருந்தாள். அது விண்மீன் இல்லை. இன்னொரு சின்ன மண்டலம். அதற்கும் எடை உண்டு. அதுவும் ஒளியை வளைக்கும்.

விடை அசட்டுத்தனமாக வந்திருந்தால் இப்படித் துருவியிருப்பாளா? மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

[இந்த இடத்தில் மனச்சாட்சியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பாள்.]

கழிக்கும் நாளுக்கு முன் சொன்னால் அண்ணி திருத்துவாள். எண் எங்கே நகரும் என்று தெரியாது, ஆனால் நகர்ந்த இடத்தில் நிற்கும். சொல்லாவிட்டால் இன்று கைதட்டல்; ஆறு மாதத்தில் வேறு யாராவது அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பார்கள், அண்ணியின் பெயர் சந்தி சிரிக்கும். வாய் திறக்கக் கூடாது என்பதுதான் விதியாயிற்றே, பூட்டை யார் குறை சொல்ல முடியும்? பொறாமைக்கு இவ்வளவு சுத்தமான மறைவிடம் எல்லோருக்கும் வாய்க்காது.

5

ஒரு முடிவு: பூட்டு சொல்லிவிடுகிறாள். அண்ணி அவளைக் கட்டிக்கொள்கிறாள். இருவர் கண்களிலும்

நிறுத்திவிட்டேன். ‘எல்லாம்’ என்று அப்படி அழுத்தி எழுதியவள் இவ்வளவு சுலபத்தில் அழமாட்டாள்.

இன்னொரு முடிவு: பேசாமல் இருக்கிறாள். ஆறு மாதம் கழித்து அம்மா தொலைபேசியில், “அண்ணி கணக்குல ஏதோ தப்பாமே?” என்கிறாள். “அப்படியாம்மா?” என்கிறாள் பூட்டு.

இதை ஒரே மூச்சில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். எழுத எழுத எனக்கு அவ்வளவு இனித்தது. அதனாலேயே இதை நம்பவில்லை. (எனக்கும் ஒரு சகலை உண்டு. இதற்குமேல் கேட்காதீர்கள்.)

6

நான் உறுதியாக எழுதக்கூடியது இவ்வளவுதான்.

எண்ணைத் திறக்கும் மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம். பக்கத்து அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அண்ணி பூட்டின் மேசைக்கு வந்தாள்.

“என்னடி பூட்டே, முகத்துல ஒண்ணுமே காட்டமாட்டேங்கற?”

“காட்டினா என் பேரை எடுத்துடுவாங்க, அண்ணி.”

“இங்க என்ன அண்ணி? உங்கம்மா ஒட்டுக் கேக்கறாங்களா?”

பூட்டு சிரிக்கவில்லை. அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த எண்ணை உன்கிட்ட குடுக்கச் சொன்னது யாரு தெரியுமா? நான்தான்.”

“நீயா? எதுக்கு?”

“மத்தவங்க என் கணக்கைப் பாத்துட்டு, பிரமாதம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நீ அப்படியா? நான் புதுச் செருப்பு போட்டு வந்தாகூட எங்க தையல் விட்டிருக்குன்னு பாக்கறவ. அந்தப் பொல்லாத கண்ணு இங்க வேற யாருக்கும் இல்லடி.”

பூட்டின் காது சுட்டது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

“விதிப்படி நான் பேசக் கூடாது.”

“விளக்கமெல்லாம் வேண்டாம். திறக்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.”

இங்கே பேனாவை மூடிவைக்கிறேன். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் உங்களுக்கு யார்மீதாவது வயிறு எரிந்தால், அதையும் கழித்துவிடுங்கள். நான் கழித்துப் பார்த்தேன், என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. எழுதியபின் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தக் கூடாது.

பூட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணி,” என்றாள். “