கிரகணத்தில் வெட்டிய இலை

கண்ணில் மருந்து விட்டபின் பிள்ளையைக் கசக்க விடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுகன்யா மாரிச்செல்வியின் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். மடியில் இடம் போதாமல் பிள்ளை சரிந்து சரிந்து இறங்கியது. இரண்டேகால் வயதுப் பிள்ளை அழுது ஓய்ந்து, இப்போது விக்கிக்கொண்டு மட்டும் இருந்தது.

பக்கத்தில் அவள் கணவன் சொரிமுத்து. பத்தமடையைச் சுற்றியுள்ள வாழைத்தோட்டங்களில் தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவன். அவனுக்கு இடது கண் கிடையாது. குழிமேல் இமை ஒட்டிக் கிடக்கும். அவனுக்கு அப்பால் அவனுடைய அக்கா முப்பிடாதி. தாய் போனபிறகு அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

மூன்று மாதத்துக்கு முன் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையின் இடது கண் வெள்ளையாக மின்னியதை முதலில் பார்த்தவள் சுகன்யாதான். அன்றைக்கே முப்பிடாதி காரணமும் சொல்லிவிட்டாள். தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். சுகன்யா அப்போது மாரிச்செல்வியைச் சுமந்துகொண்டிருந்தாள். பீடி சுற்றுகிறவள்; பண்டிகைக்கு விட்ட வேலையை ஈடுகட்டவேண்டும். நனைத்து வைத்த பீடி இலை இன்னொரு நாள் கிடந்தால் பூஞ்சை பூத்துப்போகும்; பூத்த இலையில் சுற்றிய பீடியைக் கடையில் கழித்துக் கொட்டிவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கத்தரியால் வெட்டிவிட்டாள். கிரகணத்தில் கத்தரி எடுத்த பிள்ளைத்தாச்சிக்கு வயிற்றுப் பிள்ளை பழுதாகும் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சுகன்யாவுக்கும் தெரியும். பிள்ளையின் கண்ணைத் தானே கெடுத்துவிட்டதாகத்தான் அவள் நம்பினாள். மூன்று மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் விஜயஸ்ரீ பிள்ளையைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள கட்டி இருக்கு. புற்றுதான். கண்ண எடுத்தாத்தான் பிள்ள பிழைக்கும். வலது கண்ணு இப்போதைக்கு நல்லா இருக்கு."

சுகன்யா அழவில்லை. "நாந்தான் டாக்டரம்மா. கிரகணத்தன்னைக்கு இலை வெட்டிட்டேன்" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா." டாக்டர் சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். "உங்க கண்ணு எப்படிப் போச்சு?"

அவன் வாயைத் திறக்குமுன் முப்பிடாதி சொன்னாள். "கிட்டிப்புள்ளு தெறிச்சுட்டு. பயலுவ விளையாடுத இடத்துல போயி நின்னுருக்கான்."

"எத்தன வயசுல?"

"ஒண்ணரை இருக்கும்."

டாக்டர் எழுந்து அவன் இமையை விலக்கிப் பார்த்தார். பழைய குழியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பைய விளக்கினார்.

"உடம்புல ஒவ்வொரு உயிரணுவும் கண்டபடி பெருகிராம அடக்கி வைக்கதுக்கு ஒரு மரபணு இருக்கு. அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு, ஆக ரெண்டு. ரெண்டும் கெட்டாத்தான் கண்ணுல இந்தக் கட்டி வரும். சில பேரு பிறக்கும்போதே ஒண்ணு கெட்டுத்தான் பிறக்காங்க. மிச்சம் ஒண்ணும் கெட்டுப்போனா முடிஞ்சுது. அப்படிப்பட்டவங்களுக்குப் பிறக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கெட்டது போகலாம், போகாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி."

"உங்க கண்ணு அடிபட்டுப் போனதுன்னா, வயித்துல இருக்க பிள்ளையப் பத்தி ரொம்பப் பயப்பட வேண்டாம். கட்டி வந்து எடுத்ததுன்னா, பிறந்த வாரமே கொண்டாரணும். அப்ப சின்னப் புள்ளியாத்தான் இருக்கும், சுட்டுக் கருக்கிரலாம். கண்ணு தப்பும். மின்னுத வரைக்கும் விட்டா ரெண்டு கண்ணும் போயிரும். அதான் கேக்கேன்."

"கிட்டிப்புள்ளுதான்" என்றாள் முப்பிடாதி.

அந்த வாரமே மாரிச்செல்வியின் கண்ணை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது உள்ளே நிற்கச் சுகன்யாவுக்குத் தெம்பில்லை. முப்பிடாதிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். நர்ஸ் பஞ்சை எடுத்தாள். பிள்ளை அத்தையின் கழுத்தை இறுக்கிக்கொண்டது. திரும்பி வந்தவள் வராந்தாவில் தூணோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "கிட்டிப்புள்ளு இல்லலே."

சொரிமுத்துவுக்கு விளங்கவில்லை.

"உனக்கும் இப்படித்தான் மின்னிச்சு. ஆஸ்பத்திரில வச்சுத்தான் எடுத்தாக. எனக்குப் பத்து வயசு. இப்ப இவ என் கழுத்தப் பிடிச்சாள்ளா, அன்னைக்கு நீ இப்படித்தான் பிடிச்ச. நோக்காட்டுல போன கண்ணுன்னா பொண்ணு எவன் குடுப்பான்னு அம்மா அப்படிச் சொல்லச் சொன்னா. சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசம் மாதிரி ஆயிட்டு."

சுகன்யா டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்தாள்.

"மதினி, மூணு மாசமா நான் சோறு தண்ணி எறங்காமக் கிடந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

முப்பிடாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் உங்க மூஞ்சில எப்படி முழிக்க?" என்று கேட்டாள் சுகன்யா. வந்தது கோபமா, பாரம் இறங்கியதா என்று அவளுக்கே தெரியவில்லை. பாலைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, பிறந்த வாரமே கொண்டு வரவேண்டும் என்று மறுபடி சொன்னார். பின்னாலேயே வந்து நின்ற முப்பிடாதி, கல்யாணம் நிச்சயமாகியிருந்த தன் மகளைப் பற்றிக் கேட்டாள். "உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு, மகளும் வளந்துட்டா. அநேகமா ஒண்ணும் இருக்காது" என்றார் டாக்டர்.

"அத நாங்குநேரி மாப்பிள்ள வீட்டுக்காரனுக்கு யாரு சொல்லுவா?" என்றாள் முப்பிடாதி, வெளியே வந்ததும். "ஏட்டி, டாக்டருகிட்ட சொன்னது சரிதான். ஊருல மட்டும் வாயத் தொறந்துராத. ஆவணில அவளுக்குக் கல்யாணம். ரத்தத்துல வருத நோவுன்னு தெரிஞ்சா நிச்சயம் பண்ணுனத முறிச்சுருவான்."

சுகன்யா கணவனைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் கட்டை ஈ அண்டாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம மூணு பேரோட இருக்கட்டும்" என்றான்.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் சுகன்யாவுக்குப் பையன் பிறந்தான். நாலாம் நாள் டாக்டரிடம் கொண்டு போனார்கள். மயக்கம் கொடுத்துப் பார்த்ததில் வலது கண்ணின் ஓரத்தில் சிறியதாக ஒரு புள்ளி இருந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே லேசர் வைத்துச் சுட்டார்கள். மறுபடி போய்க் காட்டியபோது புள்ளி கருகித் தழும்பாகியிருந்தது. இன்னும் சில வருஷம் வந்து காட்டிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் பார்வைக்குக் குறைவில்லை என்றார்கள். ஊரில் பையனுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்தால் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்த சுகன்யாவிடம், வாழப்போன தன் மகள் திரும்பி வந்துவிடக்கூடாது என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் பகலில் தெருப் பெண்கள் பீடி இலைச் சுளகுகளோடு வந்து சுகன்யாவின் வாசலில் உட்கார்ந்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே பையனைக் கையிலிருந்து கைக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். அவன் கண் விரலோடு போய்விட்டு வந்தது.

"தம்பிக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள் ஹமீது பீவி.

"இந்தத் தடவ நாங் கூடவே கிடந்தேம்லா" என்றாள் முப்பிடாதி. "கிரகணம்னா கதவுக்கு அங்கன விடல. கத்தரியத் தொடவும் விடல."

"அதான பாத்தேன். ஒழுங்கா இருந்தா பிள்ள ஒழுங்கா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

மாரிச்செல்வி அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தெருக்கோடி வீட்டு வடிவுக்கு ஐந்து மாதம், தலைப்பிள்ளை. அவள் சுகன்யாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கு எம்புட்டு இலை வெட்டுனீக மதினி?"

வாசற்படியில் நின்றிருந்த சொரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

"ஒரு கட்டுதான்" என்றாள் சுகன்யா. "புத்தி இல்லாம வெட்டிட்டேன்."

வடிவு மாரிச்செல்வியின் இடது கண் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். மடியிலிருந்த சுளகைக் கத்தரியோடு தள்ளிவைத்துவிட்டு முந்தானையை வயிற்றுக்குமேல் இழுத்து மூடிக்கொண்டாள்.