பிணம் ஏறாத வண்டி

மாரிசெல்வம் டெம்போவின் முகப்பில் சாமந்தி மாலையை இழுத்து முடிச்சுப் போடும்போதுதான் மாரீஸ்வரி பார்த்தாள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் அவள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவே பத்துப் பதினைந்து பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே வெள்ளை டெம்போ தெரிந்தது. பின்பக்கத்துத் தட்டில் யாரோ ஏறி நின்று புது வேட்டியை விரித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள்.

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்டாட்டி, எடுக்கிற நேரத்தில் எழுந்து தெருவுக்குப் போவதைத் தாராவியின் அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. ஒப்பாரி பாதியில் நின்றது. மயக்கம் வருகிறதோ என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு, மடிகளையும் கால்களையும் தாண்டிப் போய், வண்டியின் முன்னால் நின்றாள் மாரீஸ்வரி.

"மாலையை அவுரு" என்றாள்.

மாரிசெல்வம், செத்துப்போன அவள் புருஷன் கணேசபாண்டியனோடு ஒரே நாக்காவில், முச்சந்தி வண்டி ஸ்டாண்டில், வண்டி போட்டவன். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது. "அக்கா, அண்ணன் சொல்லியிருக்காருல்ல. அவரு வண்டியிலயே கொண்டுபோறோம்" என்றான்.

"அவுருன்னு சொல்லுதேன்."

அவன் விழித்தான். அவளே மாலையைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து பூக்கள் சாக்கடை ஓரம் சிதறின.

கணேசபாண்டியன் சொல்லியிருந்தது உண்மைதான். டீக்கடையில் நின்று நூறு தடவை சொல்லியிருப்பான். "நான் செத்தா எவன் தோளும் எனக்கு வேண்டாம்லே. என் வண்டியில ஏத்துங்க. சத்தமே இல்லாம போய்ச் சேந்துருவேன்." கரண்டில் ஓடுகிற டெம்போ அது. சத்தம் போடாது, புகை விடாது. அந்த நாக்காவில் முதன்முதலாக அப்படி ஒன்றை வாங்கியவன் அவன்தான். அந்தப் பெருமையிலேயே மூன்று வருஷம் கழுத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டியை விற்றான். மாரீஸ்வரியின் கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றி வாங்கினான். மீதிக்கு லோன். பத்தரை லட்சம் ஆயிற்று. "இன்ஜினே கெடையாது, தேயுறதுக்கு என்ன இருக்கு? பத்து வருசம் கழிச்சுக் குடுத்தாலும் வெல நிக்கும்" என்று அடித்துச் சொன்னான். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனிக்காரன் இதைவிடப் பெரிய பேட்டரி போட்டு, இதைவிட ஒன்றரை லட்சம் குறைத்து, புது மாடலை இறக்கினான். பழைய வண்டியின் விலை அன்றைக்கே குப்புற விழுந்துவிட்டது. கேட்டு வந்தவன் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: பேட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? மூன்று வருஷத்தில் அவள் விற்ற தங்கம் இரண்டு மடங்காக ஏறியது, தங்கத்தைத் தின்ற வண்டி பாதிக்கும் கீழே போனது. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததே ஒரு கசப்பாக நாக்கின் அடியில் தங்கிவிட்டது.

வானமாமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கணேசபாண்டியனின் அண்ணன். அறுபத்திரண்டு வயது. காரியத்துக்கெல்லாம் அவர்தான் பெரியவர்.

"என்னம்மா இது?"

"அவுகளை வண்டியில ஏத்த வேண்டாம் அத்தான். தோள்ல கொண்டுபோங்க."

"சயான் சுடுகாடு வரைக்குமா? இந்த வெயில்லயா? வாசல்ல சொந்த வண்டி நிக்கும்போது?"

"சொந்த வண்டி இல்ல அத்தான்" என்றாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? "வித்தாச்சு. சாயங்காலம் எடுக்க வாராக."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வானமாமலையின் முகம் கறுத்தது. அவர் தங்கை பேராச்சி வாசற்படியிலிருந்தே நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "அடிப்பாவி! என் தம்பி கண்ணை மூடி ஆறு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள வித்துட்டியா? சாயங்காலம்தானே வாரான்? அதுக்கு முன்னால ஒரு நடை என் தம்பியைக் கொண்டுபோய் விட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

குறையும். அதுதான் விஷயம். போன வருஷம் பக்கத்துச் சந்து வெங்கடேஷ் தன் அப்பாவைத் தன்னுடைய வேனில்தான் ஏற்றிக்கொண்டு போனான். ஊரே மெச்சியது. மறுநாளிலிருந்து மாதுங்கா பூக்கடைக்காரர்கள் அந்த வேனில் பூ ஏற்றவில்லை. இட்லி மாவு போடுகிறவன் கும்பிடு போட்டுவிட்டான். பிணம் ஏறின வண்டியில் சாமிக்கும் சாப்பாட்டுக்கும் போகிற சரக்கை ஏற்ற மாட்டோம் என்று சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். வேன் ஆறு மாதம் நின்றபடியே துருப்பிடித்தது, கடைசியில் கேட்ட விலைக்குக் கொடுத்தான். அவனை மெச்சின அதே ஊர்தான் இது.

இதை எல்லார் முன்னாலும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "பிணம் ஏறுனா வெல கொறையும் மதினி" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னதன் கோரம் அவள் காதிலேயே விழுந்தது. பேராச்சி அவள் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள்.

கீதா வந்து அம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஒரே மகள். செம்பூரில் ஒரு கொரியர் ஆபீசில் வேலை. "அம்மா, ஜானே தோ, விட்டுரு. எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். பிறகு குரலை இறக்கி, "விலை குறைஞ்சா குறையட்டும்மா. மிச்சத்தை லோன்காரன் என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும். அப்பா ஆசைப்பட்டதும்மா அது" என்றாள்.

"ரெண்டு வருசம் பிடிப்பான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

லோன் பேப்பரில் ஜாமீன் கையெழுத்து கீதாவுடையது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளச் சீட்டையே அப்பா வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தான். லோனோடு சேர்த்து, ஆள் செத்தால் கடனைக் கட்டுகிற இன்சூரன்ஸும் போடச் சொன்னார்கள். எனக்கு என்ன கேடு என்று கேட்டு, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இன்னும் மூன்று லட்சத்து அறுபதாயிரம் பாக்கி. அதைக் கட்டாவிட்டால் லோன்காரன் வண்டியையும் தூக்குவான், கீதாவின் சம்பளத்திலும் கை வைப்பான்.

பழைய வண்டி வாங்குகிற தேவ்நார் இனாயத்துல்லா ஒருவர்தான் மூன்றே முக்கால் லட்சம் சொன்னார். மற்றவர்கள் இரண்டரைக்கு மேல் வரவில்லை. கணேசபாண்டியன் ஒரு பக்கம் கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளில், பகலெல்லாம் போனும் கையுமாக அலைந்து அவள் பிடித்த ஆள் அவர். யாருக்காக வாங்குகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தாள்?

விற்பனைப் பாரத்தில் கையெழுத்து வாங்க முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலது கை மட்டும்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது. பேனாவை விரல்களுக்குள் வைத்து அழுத்தினாள். எதற்கு என்று கேட்கவில்லை அவன். எவ்வளவுக்கு என்றுதான் கேட்டான், குழறிக் குழறி.

"ஆறரை" என்றாள்.

ஒரு பக்கம் மட்டும் அசைந்த அந்த வாயில் சிரிப்பு வந்தது. "நான் சொன்னேன்லா... வெல நிக்கும்னு." பிறகு கையெழுத்துப் போட்டான். நான்கு இடத்தில். மூன்றாவது இடத்தில் பெயர் கோட்டைத் தாண்டி ஓடியது.

அவன் உயிரோடு போட்ட கையெழுத்து என்பதால்தான் அவசரம். இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டால் அந்தப் பாரம் வெறும் காகிதம். வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றி, அப்புறம்தான் விற்க முடியும். அதற்கு எத்தனை மாதம் ஆகுமோ, அத்தனை மாதமும் தவணை ஓடும். "இன்னைக்கே வந்துருதேன்மா. நாளைக்குன்னா எனக்கும் வில்லங்கம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் இனாயத்துல்லா.

வானமாமலை கீதாவை ஒருமுறை பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "மூங்கில் வாங்கிட்டு வாங்கலே" என்றார்.

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். சந்தில் டெம்போ நின்றது போக இடம் குறுகல், பாடையைச் சாய்த்துத்தான் வெளியே கொண்டுபோக முடிந்தது. முன்னால் வலது பக்கம் வானமாமலை தோள் கொடுத்தார். முழங்கால் தேய்ந்த மனுஷன், மாடிப்படி ஏறவே யோசிக்கிறவர். மாற்றிக்கொள்ள வந்த ஆளைத் தள்ளிவிட்டார். போகிறபோது டெம்போவை ஒட்டித்தான் போனார்கள். கணேசபாண்டியனின் கால்மாட்டில் தொங்கிய பூச்சரம் வண்டியின் கண்ணாடியில் பட்டு நகர்ந்தது. பெண்கள் சந்து முனையோடு நின்றார்கள். மாரீஸ்வரியின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவளைக் குளிக்க வைத்தார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட அவள் ஒரு பழைய துணியை நனைத்துக்கொண்டு போய் டெம்போவின் முகப்பைத் துடைத்தாள். மாரிசெல்வம் வைத்த சந்தனம் இரண்டு இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பேராச்சி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்கு இனாயத்துல்லா வந்தார். கடையநல்லூர்க்காரர், தேவ்நாருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றிவிட்டு வந்து, "மனசைத் தேத்திக்கிடுங்கம்மா. அல்லா பாத்துக்கிடுவான்" என்றார். சொன்ன விதத்தில் பொய் இல்லை. பிறகு வண்டிக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகி, போனில் எண்களைப் பார்த்தார். தெருவிளக்குக்கு வயர் பார்க்கிறவன் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"பேட்டரி எம்பத்தி நாலு பெர்சன்ட். டீக் ஹை, பரவாயில்ல. நல்லாத்தான் வச்சிருக்காரு" என்றார். "பேசின ரேட்டுதான். லோன்காரனுக்கு நானே கட்டிருதேன். மிச்சம் இந்தாங்க." ஒரு கவரைக் கீதாவின் கையில் கொடுத்தார்.

மாரீஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. அந்த நினைப்பில்தான் சொன்னாள். "பாய், ஒண்ணு சொல்லிருதேன். பொறவு யாராவது வந்து ஏதாவது சொல்லுவாக. அவுகளை இந்த வண்டியில ஏத்தல. தோள்லதான் கொண்டுபோனாக. சுத்தமான வண்டி. ஊரே சாட்சி."

இனாயத்துல்லாவுக்குப் புரியவில்லை. "ஏன், இதுலயே கொண்டுபோயிருக்கலாமே?"

"வெல கொறச்சுருவீகளோன்னுதான்..."

"அட என்னம்மா நீங்க!" என்றார் அவர். உண்மையிலேயே சங்கடப்பட்டார். "இதை நான் ஓட்டவா வாங்குதேன்? இந்த மாடலை எவன் வாங்குவான்? நாளைக்குக் காலையில குர்லாவுல பிரிச்சுருவோம். பேட்டரி ஒருத்தனுக்கு, மோட்டார் ஒருத்தனுக்கு, பாடி காயலாங்கடைக்கு. இதுல எது ஏறுச்சு, எது ஏறலைன்னு கேக்க ஆள் ஏது? ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே."

கீதா கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். மாரீஸ்வரி வண்டியின் பின்தட்டைப் பார்த்தாள். விரித்த வேட்டியை எடுக்க மறந்திருந்தார்கள். அவள் அதை எடுத்து, உதறி, நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கையெழுத்து வாங்கிய பாரத்தை இனாயத்துல்லாவிடம் நீட்டினாள்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தபோது இடம் காலியாக இருந்தது. பத்து நிமிஷத்தில் எவனோ ஒருவன் தன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினான்.

ஆம்பிளைகள் ஆறு மணிக்குத் திரும்பி வந்தார்கள். குழாயடியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வானமாமலை வாசல் திண்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். வலது தோளில் மூங்கில் பதிந்த இடம் தோல் கிழிந்து, சுற்றிலும் கன்றிப்போய் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. கீதா தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து அவர் பின்னால் உட்கார்ந்தாள்.

கைவண்டி நின்ற இடத்தை அவர் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போயிட்டானா?"

"ஆமா அத்தான்."

கோபமெல்லாம் வடிந்த குரலில் கேட்டார்: "யாருக்காம்? ஓட்டுறவன் நல்லவனா?"

மாரீஸ்வரி மடித்த வேட்டியைக் கொடியில் போட்டுச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பன்வேல் பக்கம் ஒரு பையனாம் அத்தான். புதுசா தொழில் தொடங்குதானாம். பூ ஏத்தப் போறானாம்" என்றாள். "நல்லா வச்சுக்கிடுவான்."

"ம்" என்றார் அவர். "அது போதும்."

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கீதாவின் கை நின்றது. அவர் தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். அவள் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.