பாதியில் நின்ற ஆணி

வானும் கடலும் ஒரே ஈயநிறங் கொண்டு ஒன்றோடொன்று கலந்து நிற்க, கரையில் விரித்த வலைகளையெல்லாம் காற்றுப் பிடித்து உலுக்க, உச்சிவெயிலும் முகிலுக்குள் ஒடுங்கிவிட்ட அந்நண்பகலில், துறையின் கோடியிலிருந்த தகரக் கொட்டகையொன்றில் மட்டும் அடுப்பெரிந்துகொண்டிருந்தது. அதில் வெந்தது சோறன்று. படகுப் பொறியின் உந்துதண்டு.

அன்புடையீர், உலகம் பிஸ்டன் என்று வழங்குவதையே உந்துதண்டு என்றேன். என் சொல்லைக் கேட்டால் அக்கொட்டகையில் வேலை பார்க்கும் பொறிவினைஞனுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் இன்று சிரிக்கும் நிலையில் அவன் இல்லை, பாவம். முந்தைய நாள் விடியலில் சிறு படகேறிப் போன அவன் தம்பி இன்னும் கரை திரும்பவில்லை. ஏனைய படகுகள் யாவும் ஆழ்கடலில் இருந்தன. தேடிப் போவதற்கு எஞ்சிய ஒரே படகின் பொறியோ, பழுது பார்க்கப் பிரித்தபடி இவன் மேசைமேல் கிடந்தது.

உந்துதண்டையும் அதன் கீழுள்ள இணைப்புத் தண்டையும் கோக்கும் எஃகு ஆணி மிக இறுக்கமானது. உந்துதண்டை வெந்நீரிலிட்டு விரியச் செய்து, ஆணியை மீன்பெட்டிப் பனிக்கட்டியில் புதைத்துச் சுருங்கச் செய்து, மூச்சு விடும் நேரத்துக்குள் ஒரே தள்ளாய்த் தள்ளிவிட வேண்டும். நடுவே தயங்கினால் கவ்விக்கொள்ளும். அடித்தாலோ உந்துதண்டு பிளந்துபோகும், மாற்றுக்கு வேறொன்றும் இல்லை. பொறியின் மூன்று உந்துதண்டுகளில் இரண்டுக்கு ஆணிகள் செவ்வனே புகுந்தன. மூன்றாவதன் ஆணி பாதி நுழைந்தபோது, அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தம்பி மனைவி வாய் திறந்தாள்.

"மாமா, அவரு வந்துடுவாருல்ல?"

அவன் கை நின்றது. ஆறுதலாய் ஒரு பொய்யைத் தேடினான்.

"அவனுக்கு என்னம்மா? எங்கயாவது கரை ஒதுங்கி, நல்லாத் தூங்கிட்டிருப்பான்."

சொல்லி முடித்துத் தள்ளினான்; ஆணி அசையவில்லை. சுத்தியலை ஓங்கிய அவன் மணிக்கட்டை அவள் பாய்ந்து பற்றினாள்.

"அடிக்காதீங்க மாமா! விரிசல் விட்டா அவ்வளவுதான். மறுபடி வெந்நீர்ல போடுங்க."

"ஆணியும் சேர்ந்து சூடாயிடுமேம்மா. விடுமோ விடாதோ!"

"வேற வழி இருக்கா?"

இல்லை. எஃகைவிட உந்துதண்டின் வெள்ளுலோகமாகிய அலுமினியம் சற்று மிகுதியாய் விரியும் என்னும் ஒரே நம்பிக்கையோடு, கோத்தது கோத்தபடியே கொதிநீரில் நெடுநேரம் வைத்தனர். பின்னர் அவன் துணி சுற்றிய இருகைகளாலும் அதை இறுகப் பிடிக்க, அவள் துணி தேடவும் பொறாமல், வெறும் உள்ளங்கையால் ஆணியை அழுத்தினாள். அது வழுக்கிச் சென்று தன்னிடத்தில் அமர்ந்தது. அவள் கையில் வட்டமாய்த் தோல் வெந்திருந்தது.

கதிரவன் சாயுமுன் பொறி உறுமியது. படகேறியதும் அவள் மீண்டும் அதையே கேட்டாள்.

"வந்துடுவாரா மாமா?"

இம்முறை, பொறியின் மூடியை முடுக்கிக்கொண்டிருந்த அவன் கை நிற்கவில்லை.

"தெரியலம்மா. தேடிப் பாப்போம்."

அன்புடையீர், பொய்யைக் கேட்டபோது அழாதவள் மெய்யைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். ஆயினும், வெந்த கையைப் பனிக்கட்டியில் புதைத்தபடி, மறுகையால் படகின் கயிற்றை அவிழ்த்தவளும் அவளே.