கண்மாய் மேட்டில் விழும் முள்

முத்திருளன் பேச்சில் சிக்கனமானவர். திருப்பரங்குன்றம் சாலையிலிருந்த அவருடைய மோட்டார்க் கொட்டகைக்கு யார் வண்டி கொண்டுவந்தாலும், முதலில் எஞ்சினை ஓடவிடச் சொல்லுவார். பிறகு ஒரு புளியங்குச்சியின் ஒரு நுனியை எஞ்சின்மீதும் மறுநுனியைத் தம் காதோரத்திலும் வைத்துக் கண்களை மூடிக்கொள்ளுவார். அப்போது எவரும் வாய் திறத்தல் கூடாது. கேட்டு முடித்தபின் வெற்றிலை போடுவார். அதன் பின்னரே கோளாறு இன்னதென்று சொல்லுவார். அவர் சொன்னது பொய்த்ததில்லை என்று மதுரையில் பெயர்.

ஒரே ஒரு முறை மட்டும், குச்சியும் வைக்காமல், வண்டியையும் பாராமல், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அந்தச் சொல் எட்டு மாதங்களாக ஒரு குடும்பத்தை அரித்துக்கொண்டிருந்தது.

சோழவந்தான் வெற்றிலை வியாபாரி சிவனாண்டியிடம் பழைய சீமை மோட்டார் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவன் மருது. ஓட்டுபவன் முன்னே, வட்டக் கண்ணாடிக்குள், ஒரு சிறு முள் உண்டு. எஞ்சினின் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் பாய்கிறவரையில் அது நிமிர்ந்து நிற்கும். பாய்ச்சல் நின்றால் விழுந்துவிடும். விழுந்தபின்னும் ஓட்டினால் இரும்பை இரும்பு தின்றுவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து ஆவணியில், ஊருக்கு வெளியே கண்மாய்க் கரை ஏற்றத்தில், மருது கண்ணெதிரே முள் விழுந்தது. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லும் கொடுக்காமல், எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கீழே படுத்தான். வண்டி உருண்டு, அவன்மேல் ஏறி, பள்ளத்தில் கவிழ்ந்தது. எண்ணெயெல்லாம் மண்ணில் கொட்டிப்போயிற்று. ஓடிவந்தவர்களிடம் “முள்ளு விழுந்துருச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் இறந்தான்.

மறுநாள் சிவனாண்டி மதுரைச் சந்தையில் முத்திருளனைப் பார்த்து, “முள்ளு எதனால மேஸ்திரி விழும்?” என்று கேட்டார். வேறு வேலையில் இருந்த அவர், “எண்ணெய் இல்லேன்னா விழும்” என்று சொல்லிவிட்டுப் போனார். தாம் கொடுத்த எண்ணெயை மருது ஊற்றாமல் விற்றுவிட்டான் என்று சிவனாண்டி முடிவுகட்டினார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

இப்போது சித்திரை மாதம். வண்டியின் தகரத்தை மட்டும் தட்டி நிமிர்த்தி, புது எண்ணெய் ஊற்றி, நல்லகாமன் என்ற புது டிரைவரிடம் கொடுத்திருந்தார்கள். அவன் அன்று காலையில் கொட்டகைக்கு வந்து நின்றான்.

“என்னப்பா செய்யுது?”

“இங்கிட்டு ஒண்ணும் செய்யாது மேஸ்திரி. கண்மாய் மேட்டுல ஏறுனா மட்டும் முள்ளு படுத்துக்கிருது. மருதண்ணன் செத்த அதே எடத்துல.”

“எண்ணெய் இருக்கா?”

“கழுத்து வரைக்கும் இருக்கு. நான்தேன் ஊத்துனேன். ஊருக்குள்ள என்ன சொல்றாய்ங்க தெரியுமா? மருதண்ணன் இன்னும் அடியில படுத்துக்கிட்டு வாய வச்சு உறிஞ்சுறாராம்.”

முத்திருளன் குச்சியை வைத்துக் கேட்டார். எஞ்சின் குறையின்றி ஓடிற்று. முள் கொடிமரம்போல நின்றது. வெகுநேரம் கேட்டபின்னும் அவர் வெற்றிலையைத் தொடவில்லை. எண்ணெய் இருந்தும் முள் விழுமாயின், அன்று தாம் சொன்னது என்ன?

“அங்கிட்டே போவோம், ஓட்டு” என்று ஏறி அமர்ந்தார்.

அவர்கள் கரையை அடைந்தபோது உச்சிவேளை. கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. பனைகளின் நிழல்கள் தத்தம் காலடியிலேயே சுருண்டிருந்தன. காற்று இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. வண்டி ஏறத் தொடங்கியது. ஏற்றத்தின் பாதியில் முள் துள்ளாமல், நடுங்காமல், கண் மூடுகிறவனின் இமையைப்போல மெள்ளத் தாழ்ந்து படுத்தது.

“அந்தா! பாத்தீகளா!” என்றான் நல்லகாமன்.

முத்திருளன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சிறிது பொறுத்து மீண்டும் ஓடவிட்டபோது முள் எழுந்து நின்றது. இருபது எண்ணுவதற்குள் மறுபடியும் படுத்தது. சமதரைக்கு இறக்கினால் விழவில்லை. மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எண்ணெய்ப் பம்பு தேய்ந்திருந்தால் எல்லா இடத்திலும் முள் தாழ வேண்டும். மூட்டு தளர்ந்திருந்தால் தட்டும் ஓசை கேட்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆகவே எண்ணெய்க்குள் ஏதோ அலைகிறது. வண்டி மேலேறும்போது எண்ணெயோடு பின்னே சாய்ந்து, பம்பின் வாயிலுள்ள சல்லடையை அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் விட்டுவிடுகிறது.

மதுரைக்குத் திரும்பும்வரையில் பொறுக்க அவரால் இயலவில்லை. வண்டியை மேட்டில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கல் கொடுத்து, மருது படுத்த இடத்திலேயே படுத்தார். நல்லகாமன் கிட்ட வர மறுத்துத் தொலைவில் ஒரு பனையடியில் போய் நின்றுகொண்டான்.

எண்ணெயை ஒரு டின்னில் வடித்துவிட்டு, எஞ்சினின் எண்ணெய் தங்கும் அடித்தட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாதியில், தலைக்கு மேலே வண்டி ஒரு முறை முனகிற்று.

“நல்லகாமா, வண்டி அசையுதா?”

குரல் பனையடியை எட்டவில்லை. மிச்சத்தையும் கழற்றித் தட்டை மார்பின்மேல் இறக்கினார். மிச்ச எண்ணெயில், விரல் மொத்தத்தில், கறுத்த ஏதோ ஒன்று கிடந்தது. பிழிந்து பார்த்தார். கறுப்பின் அடியில் மஞ்சள் நிறம் தெரிந்தது. காலணாக் காசு ஒன்றை வைத்து முடிந்த துணி. அதன் வால் எண்ணெயில் ஊறி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது.

“அண்ணே, முடிச்சு உள்ளதான இருக்கு?”

முத்திருளன் தலையைத் திருப்பினார். வண்டியின் ஓரத்தில், புழுதி படிந்த இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவை வந்த ஓசை கேட்கவில்லை. விரல்களில் மெட்டி கழற்றிய வெள்ளைத் தழும்பு இருந்தது.

“யாரும்மா?”

“மருது வீட்டுக்காரி, செல்லத்தாய். போன ஆடியில இந்தக் கண்மாய் முனிக்கு நேந்து முடிஞ்சேன். எல்லாரும் கோயில் மரத்துலதேன் கட்டுவாக. மரம் இங்கனயே நிக்கும். இவரு ஊரெல்லாம் சுத்துறாரு. அதேன் அவரு சாப்பிட ஒக்காந்தப்ப, வண்டி எண்ணெய் குடிக்கிற வாய்க்குள்ள போட்டுவிட்டேன். அது உள்ள இருந்தா முனி கூடவே போகும்ல?”

முத்திருளன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

“அவரைக் காப்பாத்தல. நான் நேந்ததுல என்ன கொறை வச்சனோ! வார வெள்ளிக்கெழம கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறவரோட போறேன். எண்ணெய் வித்தவன் பொண்டாட்டிக்கு வெத்தலைக் கொடிக்கால்ல வேலை இல்லையாம். போறதுக்குள்ள கேட்டுக்கிருவோம்னு வந்தேன். அதை எடுத்துறாதீகண்ணே. இப்ப ஓட்டுற தம்பியையாச்சும் காக்கட்டும்.”

முத்திருளன் கையை இறுக மூடினார். “பத்திரமா இருக்கும்மா” என்றார்.

பாதங்கள் திரும்பின. அவர் ஊர்ந்து வெளியே வந்தபோது, கரை நெடுகக் கானல் மட்டும் அலைந்துகொண்டிருந்தது. நல்லகாமன் ஓடிவந்தான். கையிலிருந்ததைக் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

“எம்மாடி! அப்ப மருதண்ணன் திருடல! மொதலாளிகிட்ட இதைக் காட்டுனாப் போதும்ல?”

“காட்டுனா, யாரு போட்டதுன்னு கேப்பாரு. ஊரு முழுக்கத் தெரியும். தன் முடிச்சாலதேன் புருஷன் போனான்னு அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சுபோகும்.”

நல்லகாமனின் முகம் மாறியது. அவன் எண்ணெய் டின்னைத் தூக்கிவந்து வைத்தான்.

சல்லடையைத் துடைத்து, தட்டை மாட்டி, வடித்த எண்ணெயைத் தம் துண்டிலே வடிகட்டி ஊற்றினார் முத்திருளன். எஞ்சின் ஓடிற்று. மேட்டில் முள் நிமிர்ந்தே நின்றது. இருபது எண்ணினார், நாற்பது எண்ணினார், விழவில்லை. சக்கரங்களின் கல்லை எடுத்துவிட்டு மேட்டில் ஏறினார்கள். மருது கிடந்த இடத்தைச் சக்கரம் தாண்டியபோது, முள் பாதியளவுக்குத் தாழ்ந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து, மறுபடி எழுந்தது. இருவரும் பார்த்தார்கள். அதற்குக் காரணம் முத்திருளனுக்குத் தெரியவில்லை, பிற்பாடும் தெரியவில்லை.

வெகுதூரம் போனபின், “மொதலாளிகிட்ட என்ன மேஸ்திரி சொல்லப் போறீக?” என்று நல்லகாமன் கேட்டான்.

“போன ஆனியில அடித்தட்டைத் தெறந்து மூடுனது நான்தேன். தொடைக்கிற துணிய உள்ளயே விட்டுட்டேன்னு சொல்லப் போறேன். மருது எண்ணெய் ஊத்தித்தேன் ஓட்டியிருக்கான்.”

“அண்ணே, அப்பறம் மதுரையில எவன் உங்ககிட்ட வண்டி விடுவான்?”

முத்திருளன் அந்தக் காலணா முடிச்சை மடியில் செருகிக்கொண்டார்.

“விடாட்டிப் போறாய்ங்க. நீ சோழவந்தானுக்கு ஓட்டு. வெள்ளிக்கெழமைக்கு முன்ன சொல்லிறணும்.”